மூன்று தரம் கூப்பிடுகிற ஊரிலிருந்து

சுளகில் அரிசியைப் பரப்பி வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் கந்தோர் வேலைக்குப் போய் ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். கொழும்பு அரிசியில் கல் அதிகம் என்று அப்போது நான் எல்லாரிடமும் குறை சொல்வேன். உண்மையில் அந்தக் கல்லுகளுக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் அந்தக் காலை வேளைகளை என்ன செய்து முடித்திருப்பேனோ தெரியாது.

கீழே கேற்றடியில் யாரோ “பிள்ளை” என்று கூப்பிட்டார்கள்.

கை நின்றது. கொஞ்சம் பொறுத்து இரண்டாம் தரம், “பிள்ளை.” பிறகு ஒருவர் தொண்டையைச் செருமிக்கொள்ளுகிற நேரம் கழித்து மூன்றாம் தரம். அதோடு சரி. காகம் கரைந்தது. கடற்கரைப் பாதையில் ரயில் ஒன்று போனது.

அச்சு அசலாக ஐயாவின் குரல். எங்கள் வீட்டில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். வடக்கே பரந்தனுக்குப் பக்கத்தில், குடியேற்றத் திட்டத்தில் அரசாங்கம் கொடுத்த வயலில், அந்த நேரம் வரம்பு வெட்டிக்கொண்டு நிற்க வேண்டிய மனிதர் அவர்.

நான் எழும்பவில்லை. எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன். என் காது எவ்வளவு கெட்டிக்காரக் காது, எண்ணிக்கையைக்கூடச் சரியாகப் பிடித்துவிட்டதே என்று நினைத்தேன். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் கல் பொறுக்கத் தொடங்கினேன்.

இவள் என்ன பெண், தகப்பன் வாசலில் நின்று கூப்பிடச் சிரித்துக்கொண்டு இருந்தாளாமே என்று நீங்கள் பத்திரிகையைத் தூக்கி எறியமுதல் கொஞ்சம் பொறுங்கள். அதைச் சொல்ல நான் நாலைந்து மாதம் பின்னால் போகவேண்டும்.

புத்தி சொன்னவர்கள்

கல்யாணம் முடிந்ததை இந்தத் தொடரில் முன்னமே எழுதிவிட்டேன். மாப்பிள்ளை கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். தை மாதத்து அறுவடையோடு கல்யாணம், பங்குனியில் கொழும்புப் பயணம்.

அந்த இடைப்பட்ட நாட்களில் எங்கள் குடியேற்றத்தில் எனக்குப் புத்தி சொல்லாத ஆள் இல்லை. தலைநகரத்துக்குக் குடிபோகிற பெண் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு பாடம். பைப்புத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. பஸ்ஸில் கைப்பையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொள். கடற்காற்றுப் பட்டால் தையல் மெசின் துருப்பிடிக்கும், துணி போட்டு மூடு. பொட்டைச் சின்னதாக வை, பஸ்ஸில் தமிழை மெதுவாகப் பேசு. கடைசியாகச் சொன்னது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. தமிழரை அடித்த குழப்பம் நடந்து அதிக வருடம் ஆகவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் எல்லாரும் குரலைத் தாழ்த்தினார்கள்.

இதில் பாதிப் பேர் அநுராதபுரத்துக்கு அங்கால் போகாதவர்கள். குருடர்கள் ஆனை பார்த்த கதைதான். எங்கள் அடுத்த காணிச் செல்லம்மாக்கா ஒருத்திதான் கண் வைத்தியத்துக்கென்று கொழும்பில் பத்து நாள் நின்றவள். ஆனால் அந்தப் பத்து நாளும் அவளுடைய கண்ணைக் கட்டியிருந்தார்கள். அதனால் அவள் சொன்னது எல்லாம் சத்தங்களைப் பற்றித்தான்.

“அங்கை ஒரே இரைச்சலடி பிள்ளை,” என்றாள். “ஆனா அதிலை ஒரு சத்தமும் உன்னைத் தேடி வராது.”

அன்றைக்கு அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தையல் மெசினை மூடுவதற்குத் துணி தேடிக்கொண்டிருந்தேன்.

அம்மா தன் பங்குக்குப் புளி, மிளகாய்த்தூள், காயவைத்த பனங்கிழங்கு ஒடியல் எல்லாம் கட்டித் தந்தா. ஐயா பரந்தன் ஸ்ரேசனில் ரயில் வெளிக்கிடுகிற நேரம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “சிறுபோகத்திலை ரெண்டு தண்ணி முறைக்கு இடையிலை வாறன்,” என்றார். அவ்வளவுதான்.

தண்ணி முறை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். கோடைப் பயிரான சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லாருக்கும் ஒரே நாளில் வராது. இன்ன வாய்க்காலுக்கு இன்ன நாள் என்று முறை வைத்துத் திறப்பார்கள். அன்றைக்கு ஆள் வரம்பில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும், பயிர் அடுத்த முறை வரைக்கும் வெயிலில் நிற்கும். அதனால் ஐயா சொன்னது சின்ன வாக்கல்ல. அந்த மனிதர் தன் வாழ்க்கையில் எடுக்கக்கூடிய விடுமுறை அவ்வளவுதான்.

படலைச் சட்டம்

எங்கள் குடியேற்றத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கூப்பிடு தூரம் இருக்கும். மேட்டுக்காணியின் நடுவில் வீடு, சுற்றிவர முள்வேலி, ஒழுங்கையோரத்தில் வாசல் கதவாகப் படலை. காட்டை வெட்டி வந்த சனம் என்பதால் வீட்டுக்கு வீடு நாய். சில வீடுகளில் பன்றிக்கு வைக்கிற கட்டுத்துவக்கும் இருக்கும். ஆகவே யாராக இருந்தாலும் படலையைத் தொடாமல் வெளியில் நின்றுதான் கூப்பிடவேண்டும்.

அதற்கு ஒரு கணக்கு உண்டு. முதலாம் தரம் நாய்க்கு. இரண்டாம் தரம் வீட்டுக்காரருக்கு. மூன்றாம் தரம், நான் இன்னும் நிற்கிறேன் என்று சொல்லுவதற்கு. உள்ளே இருப்பவர் இதில் எதற்காவது “ஆர்? வாறன்!” என்று சத்தமாகப் பதில் எறிவார். அதற்குப் பிறகுதான் படலை திறக்கும்.

மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் திரும்பிப் போய்விடவேண்டும். வீட்டில் ஆளில்லாமல் இருக்கலாம். பெண்கள் கிணற்றடியில் நிற்கலாம். புருசன் பெண்சாதிக்குள் சண்டை நடக்கலாம். அல்லது அவர்களுக்கு உன்னைப் பார்க்க விருப்பம் இல்லாமலும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நாலாம் தரம் கூப்பிடுவது மானமுள்ளவன் செய்கிற வேலையல்ல. கொண்டுவந்த சாமான் ஏதும் இருந்தால் படலைக் கப்புக் கட்டையில் தொங்கக் கொழுவிவிட்டுப் போகலாம். வீட்டுக்காரர் வந்து கண்டெடுப்பார்கள்.

ஐயா இந்தச் சட்டத்தில் மகா கண்டிப்பு. ஒருமுறை எங்கள் கிடாரிக் கன்று செல்லம்மாக்காவின் காணிக்குள் போய் வெண்டிப் பயிரை மேய்ந்துகொண்டு நின்றது. வேலிக்கு மேலால் கன்று தெரிகிறது. ஐயா படலையில் நின்று மூன்று தரம் கூப்பிட்டார். பதில் இல்லை. பேசாமல் திரும்பி வந்துவிட்டார். அந்த வருடம் செல்லம்மாக்காவுக்கு வெண்டியும் இல்லை, எங்களுக்கு அவளுடைய கதைபேச்சும் இல்லை, ஒரு மாதம் வரைக்கும்.

அவருடைய குரலோ குடியேற்றமெல்லாம் பெயர் போனது. பன்றிக் காவலுக்குப் போகிறவர்கள் பக்கத்துக் காவல் குடிலில் ஐயா இருக்கிறார் என்றால் தகரம் தட்ட வேண்டியதில்லை என்பார்கள். அப்படிப்பட்ட குரலை வைத்துக்கொண்டும் மனிதர் மூன்றோடு நிறுத்திவிடுவார்.

மேல்வீடு

கொழும்பில் எங்களுக்குக் கிடைத்தது வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்தட்டு. ஒரு அறை, ஒரு குசினி, இரண்டு கதிரை. படி வீட்டுக்குப் பின்பக்கம். எங்கள் ஜன்னலுக்கு நேரே அடுத்த வீட்டுச் சுவர், அதில் பாசி. ஒழுங்கையைப் பார்க்கவேண்டுமானால் படியால் இறங்கி வீட்டைச் சுற்றி வரவேண்டும்.

கீழே வீட்டுக்கார நோனா இருந்தா. வயதான சிங்களப் பெண்மணி, தனி ஆள், நல்ல மனம். அவாவுக்குத் தமிழ் பத்துச் சொல், எனக்குச் சிங்களம் அதுவும் இல்லை. கண்டால் இருவரும் சிரிப்போம். ஒரு நாளைக்கு எத்தனை தரம் சிரிக்கலாம்? நான் குசினிக்குள் ஒதுங்கத் தொடங்கினேன்.

இவர் காலையில் போனால் ஐந்தரைக்குத்தான் வருவார். வந்தால் அன்பாகத்தான் பேசுவார். இன்று என்ன செய்தாய் என்று கேட்பார். கல் பொறுக்கினேன் என்று எத்தனை நாள் சொல்லுவது?

தனிமை என்றால் ஆளில்லாத இடம் என்று நினைத்திருந்தேன். காட்டோரத்தில் வளர்ந்தவளுக்கு ஆளில்லாத இடம் பழக்கம். ஆனால் அங்கே யாராவது கூப்பிடுவார்கள், நான் “வாறன்” என்று கத்துவேன். ஒரு நாளைக்கு இருபது தரமாவது கத்துவேன். கொழும்புக்கு வந்த பிறகு அந்த ஒரு சொல்லை நான் சொல்லவே இல்லை என்பது ஒரு நாள் குசினியில் நிற்கும்போது திடீரென்று நினைவுக்கு வந்தது. அடுப்படியில் குந்தியிருந்து அழுதேன். கொழும்புக்குப் போகமுதல் தெரிந்திருக்க வேண்டியது எது என்று இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால் தண்ணீரையும் கைப்பையையும் சொல்லமாட்டேன். இதைத்தான் சொல்லுவேன்.

கீரைக்கறி

வாய் சும்மா இருந்ததால் காது வேலை செய்யத் தொடங்கியது.

அந்த ஒழுங்கையில் காலை முழுக்க வியாபாரிகள். மீன்காரன், கீரைக்காரி, பழைய போத்தலும் கடதாசியும் வாங்குகிறவன், கத்தி சாணை பிடிக்கிறவன். ஆளுக்கொரு ராகம். கடல் இரைச்சலோடு கலந்து, சுவரில் மோதி, எங்கள் ஜன்னலுக்கு வரும்போது அதில் பாதிதான் மிஞ்சும். மீதியை என் காது தானாக நிரப்பிக்கொண்டது.

வந்து சில நாட்களில் “பிள்ளை” என்று ஐயா கூப்பிடுவது கேட்டது. அடுப்பில் கறியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் படியால் ஓடினேன். கேற்றில் போத்தல்காரன் நின்றான். ஓடிவந்த பெண் போத்தலோடுதான் வந்திருப்பாள் என்று அவன் என் கையைப் பார்த்தான். மேலே வந்தால் கறி அடிப்பிடித்திருந்தது.

அடுத்த நாளும் கேட்டது. அன்று கீரைக்காரி. இறங்கி வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வெட்கமாக இருந்ததால் இரண்டு பிடி வாங்கினேன். அதற்கடுத்த இரண்டு நாளும் அதே கதை. மூன்றாவது நாளும் கீரைக்கறியைக் கண்ட இவர், கொழும்பில் வேறு மரக்கறிக்குத் தட்டுப்பாடோ என்று கேட்டார். சிரித்தேன். காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெண்சாதிக்கு மூளை பிசகிவிட்டது என்று பயந்திருப்பார். எனக்கே அந்தப் பயம் இருந்தது.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. வருடப்பிறப்புக்கு யாரும் வரவில்லை. மேல்மாடியில் நாங்கள் இருவரும் பொங்கி, இருவரும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு குரல் தினமும் வந்தது. சில நாள் அம்மா, சில நாள் செல்லம்மாக்கா, அதிகமான நாள் ஐயா. ஒவ்வொரு தரமும் ஓடினேன். ஒவ்வொரு தரமும் கேற்றில் வேறொருவர். நோனா ஜன்னலுக்குள்ளால் என்னை இரக்கத்தோடு பார்க்கத் தொடங்கினா. அந்தப் பார்வைதான் பொறுக்க முடியவில்லை.

ஒரு நாள் சாமிப்படத்துக்கு முன்னால் நின்று இனி இறங்குவதில்லை என்று சத்தியம் பண்ணினேன். கேட்டால் கேட்கட்டும், அது பாட்டுக்குக் கேட்கட்டும், நான் என் வேலையைப் பார்ப்பேன். அந்த வைராக்கியத்தில் ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. குரல் வரும். நான் தலை நிமிரமாட்டேன். தேறிவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

இப்போது தெரிகிறதா, அன்று காலை சுளகோடு இருந்தவள் ஏன் எழும்பவில்லை என்று?

கேற்றில் தொங்கிய உமல்

பதினொரு மணிபோல நோனா படியேறி வந்தா. முழங்கால் நோவு உள்ளவ, படியேறுவது அரிது. கையில் பனையோலையால் இழைத்த ஒரு உமல். அதைச் சுற்றி எறும்பு.

கையாலும் பத்துச் சொல்லாலும் அவா சொன்னது இதுதான். காலையில் ஒரு வியாபாரி பையோடு வந்து கேற்றில் நின்று கத்தினான். அவா ஜன்னலால் கையை அசைத்து ‘எபா’, வேண்டாம் என்று சொன்னா. அவன் ஒன்றும் பேசாமல் பையைக் கேற்றில் கொழுவிவிட்டுப் போய்விட்டான். காசு வாங்கவும் திரும்பி வரவில்லை. பழத்துக்கு எறும்பு வந்துவிட்டது. பாவம், உன் பாஷைக்காரன் போல இருந்தான், அவனை உனக்குத் தெரியுமா?

உமலின் வாயை ஆத்தி நாரால் கட்டியிருந்தது. இரண்டு சுற்று, ஒரு கண், ஒரு இழுப்பு. மாட்டுக் கயிற்றுக்கும் வேலிக் கதியாலுக்கும் நெல் மூட்டைக்கும் ஐயா போடுகிற ஒரே முடிச்சு அது. இழுத்தேன், அவிழ்ந்தது. உள்ளே தேக்கம் இலையில் சுற்றிய பாலைப்பழம். மாங்குளம் பக்கத்துக் காட்டில் அந்த நாட்களில்தான் பழுக்கும். ஒரு நாள் பிந்தினால் புளித்துவிடும். பறித்த கையோடு ரயில் ஏறியிருக்கிறார்.

மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். இரவு முழுக்க ரயிலில் குந்தியிருந்து வந்து, வழி விசாரித்து, ஒழுங்கையைக் கண்டுபிடித்து, கேற்றைத் தொடாமல் வெளியில் நின்று கூப்பிட்டிருக்கிறார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு கை போ என்று காட்டியிருக்கிறது. மகள் வரவில்லை. ஐயாவின் சட்டப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“ஐயா,” என்றேன் நோனாவிடம். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி மறுபடியும், “என்ரை ஐயா.”

அவா கையை வாயில் வைத்தா. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அவாவைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவா ஜன்னலுக்காவது வந்தா.

கொட்டுவ

மத்தியானத்துக்குப் பிறகு வடக்கே போகிற ரயிலில் அவர் திரும்புவார் என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் விடிய தண்ணி முறையாக இருக்கும். இல்லாவிட்டால் இரவோடு இரவாக வந்திருக்கமாட்டார்.

அதுவரைக்கும் நான் கொழும்பில் தனியாக பஸ் ஏறியதில்லை. பஸ் பலகையில் சிங்களத்தில் எழுதியிருப்பதை வாசிக்கவும் தெரியாது. நோனா பஸ் ஓடுகிற காலி வீதி வரைக்கும் நொண்டி நொண்டிக் கூடவே வந்தா. “கொட்டுவ, கொட்டுவ” என்று எனக்குச் சொல்லித் தந்தா. பெரிய ரயில் ஸ்ரேசன் இருக்கிற கோட்டைக்குச் சிங்களம் அதுதான். வந்த பஸ்ஸை மறித்துக் கொண்டக்டரிடம் ஏதோ நீளமாகச் சொன்னா. அவன் எனக்கு முன் சீற்றைக் காட்டினான்.

ஊரில் எனக்குச் சொன்ன புத்தி ஒன்றும் அப்போது நினைவில்லை. கைப்பையே எடுத்து வரவில்லை, பஸ் காசு சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது. மடியில் உமல். பொட்டு வழக்கமான அளவில் நெற்றியில் இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் உமலைப் பார்த்து ஏதோ கேட்டாள். தமிழில், சத்தமாகவே, “ஐயாவைப் பாக்கப் போறன்,” என்றேன். அவள் விளங்கியதுபோலத் தலையாட்டினாள்.

பாதி வழியில் ஒரு யோசனை வந்தது. அப்படியே ஐயாவோடு ரயில் ஏறிவிட்டால் என்ன? உண்மையைச் சொன்னால் அது புது யோசனை அல்ல. ஐயா வருவார், வந்தால் அவரோடு போய்விடுவது என்றுதான் அத்தனை மாதமும் நாளை ஓட்டினேன்.

கோட்டை ஸ்ரேசனில் சனம் திருவிழாக் கூட்டம் போல நெரிந்தது. மேடை மேடையாகத் தேடினேன். சனம் வரிசையாக இருந்த வாங்குகளில் தேடினேன். அவர் வாங்கில் இருக்கவில்லை. மேடையின் கடைசியில், கூரை முடிந்து வெயில் தொடங்குகிற இடத்தில், வடக்குப் பக்கத்துத் தண்டவாளத்தைப் பார்த்தபடி குந்தியிருந்தார். என் கல்யாணத்துக்கு உடுத்த அதே வேட்டி. தோளில் புதுச் சால்வை. மகள் வீட்டுக்குப் போவதற்கென்று உடுத்திய உடுப்பு.

பின்னால் போய் நின்றேன். அவர் தானாகவே திரும்பிப் பார்த்தார்.

“வந்திட்டியே,” என்றார்.

ரயில் வரும்வரை

அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. என் வீட்டில் சாப்பிடலாம் என்று வந்தவர். என்னிடம் அந்த உமலைத் தவிர வேறொன்றும் இல்லை. பக்கத்தில் இருந்து தேக்கம் இலையை விரித்தேன். அவர் எனக்குக் கொண்டுவந்த பழத்தை அவருக்கே கொடுத்தேன். பாலைப்பழத்தில் பால் உண்டு. நாலைந்து சாப்பிட்டால் உதடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை. நல்லதாகப் போயிற்று.

பிறகு சால்வைத் தலைப்பால் வாயைத் துடைத்துவிட்டு, “மூண்டு தரம் கூப்பிட்டனான் பிள்ளை,” என்றார். குறையாகச் சொல்லவில்லை. தன் பக்கத்தில் பிழை இல்லை என்று சொல்லுவதுபோல இருந்தது. “ஒரு அம்மா கையைக் காட்டினவா. சரி, உனக்கு வசதியில்லாத நேரமாக்கும் எண்டு வந்திட்டன்.”

ஆயிரம் பொய் சொல்லியிருக்கலாம். குளித்துக்கொண்டு நின்றேன் என்றிருக்கலாம், கடைக்குப் போயிருந்தேன் என்றிருக்கலாம்.

“கேட்டது ஐயா,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “கேட்டதோ?”

“ஓம். ஒவ்வொரு நாளும் கேக்கிறது. அதாலைதான் எழும்பேல்லை.”

அவருக்கு உடனே விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விளங்கியது. விளங்கியதும் முகத்தைத் தண்டவாளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஐயா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, அவருடைய முதுகுதான் தெரிந்தது.

அப்படித் திரும்பியபடியே, “என்னோடை வாறியே?” என்று கேட்டார். “அம்மாவோடை கொஞ்ச நாள் நிண்டிட்டு வரலாம்.”

இத்தனை மாதமும் நான் கேட்கக் காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தேன். “அவர் அஞ்சரைக்கு வந்திடுவார், ஐயா. இடியப்பம் அவிக்கவேணும்,” என்று சொன்னது என் வாய்தான். சொல்லிவிட்டு நானே திகைத்துப் போனேன். யாரோ ஒரு கொழும்புக்காரி சொன்னது போல இருந்தது.

ஐயா தலையாட்டினார். சந்தோசமா துக்கமா என்று அந்தத் தலையாட்டலில் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

ரயில் வந்தது. ஏறி, ஜன்னலோரம் இருந்து, பரந்தனில் நான் இருந்ததுபோலக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி அசையத் தொடங்கிய பிறகுதான் சொன்னார்.

“இனி வந்தா நாலாம் தரமும் கூப்பிடுறன் பிள்ளை. நாலாவது கேட்டா, அது நான்தான் எண்டு இறங்கி வா.”

நான் பஸ்ஸேறி வீட்டுக்கு வந்தேன். இடியப்பம் அவித்தேன். இவர் வந்ததும், அன்றைக்கு முதல் தடவையாக, கீரைக்கறியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பாட்டை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த பாலைப்பழம்

அந்தக் கிழமையே இவர் ஆள் பிடித்து கேற்றில் ஒரு கரண்ட் மணி பூட்டினார். அமுக்கினால் எங்கள் குசினியில் அடிக்கும். ஐயாவுக்கும் அறிவித்தோம். ஆனால் ஒரு வீட்டின் சாமானை வெளியில் நின்று தொடுகிற ஆளா அவர்?

குரல்கள் நிற்கவில்லை. பொய் சொல்லக்கூடாது. அந்த வருடம் முழுக்க வந்தன. ஆனால் இப்போது எனக்கு ஒரு வேலை இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு, கையிலிருக்கும் வேலையை நிறுத்திக் காத்திருப்பேன். நாலாவது வராது. சரி, இன்றைக்கு இல்லை என்று எழும்பித் தண்ணீர் குடிப்பேன். அந்தக் காத்திருப்பு தனிமையில் ஒரு கொளுக்கி மாதிரி, நாளைக் கொழுவி வைக்க உதவியது.

அடுத்த சிறுபோகம் வந்தது. ஒரு காலை, இவர் போய்க் கொஞ்ச நேரத்தில், கேற்றடியில் குரல். அன்றும் அரிசிதான் கையில். முதலாம் தரம். இரண்டாம் தரம். மூன்றாம் தரம். அதோடு நின்றது.

சுளகை வைத்துவிட்டுப் படியின் உச்சியில் போய் நின்றேன். இறங்கவில்லை. இறங்கிப் பார்த்து அங்கே போத்தல்காரன் நின்றால் அதைத் தாங்குகிற பலம் என்னிடம் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

கீழே ஒருவர் தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். செருப்புக் கால் ஒன்று கேற்றடியில் இடம் மாறியது. ஐம்பது வருடமாக எந்தப் படலையிலும் மூன்றுக்கு மேல் கூப்பிடாத ஒரு மனிதர் அந்தக் கேற்றில் என்ன பாடு பட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

“பிள்ளை.”

கொஞ்சம் வெட்கத்தோடு, பாதிக் குரலில் வந்தது.

“வாறன் ஐயா!” என்று நான் போட்ட சத்தத்தில் நோனா ஜன்னலைத் திறந்தா.